புருவத்துக்குக் கொடுத்த மை

அந்தப் பெரியவருக்கு மில் காவலாளி வேலை கிடைத்திருக்குமா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் எனக்கு எதிரே இருந்தார். தலை கன்னங்கரேலென்று இருந்தது. அடிக்கடி அதைத் தொட்டு, விரலில் கறுப்பு ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"கிழவனுக்கு வேலை இல்லேன்னுட்டாக தாயி. கடையில சாயம் அடிக்கக் காசுக்கு எங்க போக? மருதாணியும் அவுரியும் அரைச்சு நானே அப்பிக்கிட்டேன். இளவட்டமாத் தெரியிறேனா?"

"தலை சரிதான்யா. புருவம்தான் பஞ்சா இருக்கு."

"ஆத்தாடி, அதை மறந்துட்டேனே!"

பொய்க்குத் துணைபோகிறோமோ என்று தயங்கித்தான் என் கைப்பிள்ளையின் கண்மைச் சிமிழை நீட்டினேன். அழகாகத் தீட்டிக்கொண்டார். மில் வாசலில் அவர் இறங்கியபோது உச்சி வெயில். வியர்வையில் மை கன்னத்துக்கு இறங்குவதை, பஸ் நகர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

விளக்கெண்ணெயில் நானே குழைத்த மை அது. வியர்வைக்குக் கரையாத மை செய்யும் பக்குவம் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்களேன்.