மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் போனோம், திரும்பியது சொந்த வண்டியில்

1995, பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணிக்குக் காந்திபுரத்தில் நானும் அம்மாவும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினோம். தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு ஆறு ரூபாய். பஸ்ஸுக்கும் காப்பிக்கும் தனியாக எடுத்தது போக, ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய் என் கைப்பையில் இருந்தது. கைப்பை அம்மாவின் கக்கத்தில் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அந்தப் பணத்தைக் கொடுத்து ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கத்தான் இந்தப் பயணம்.

"பஸ்ஸு ஓடாமயா நின்னுபோச்சு?" என்று அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "இத்தனை பணத்தையும் கொண்டுபோயி ஒரு இரும்புல போடணுமாக்கும்."

"பஸ்ஸு ஓடுதுங்கம்மா. நம்ம தெருவுக்குள்ள ஓடறதில்லை, அதான் சங்கதி."

இதை அவளுக்கு நான் பலமுறை விளக்கியாகிவிட்டது. படிக்கிறவர்களுக்கும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

கோவையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. மில் ஆபீஸ்களிலும் மண்டிகளிலும் கணக்கு எழுதும் புரோகிராமைப் போட்டுக் கொடுத்து, அங்கிருக்கும் கணக்குப்பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும். வாரத்தில் நான்கு நாள் வெளியூர். பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர், ஈரோடு என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். ஊரார் கணக்கெல்லாம் என் கையால் பைசா பிசகாமல் நேராகும். என் சம்பளம் மூவாயிரத்து இருநூறு எங்கே போகிறது என்று மட்டும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு ஆயிரத்தைந்நூறு கொடுத்தது போக மீதி, இருபதாம் தேதிக்குள் காற்றாய்ப் போய்விடும். போன வருடம் ஆனி மாதம் பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் கைப்பையைத் துழாவியபோது மூன்று ரூபாய்தான் இருந்தது. அன்றைக்குப் பாடம் கேட்ட மில் கிளார்க்கிடமே திரும்பிப் போய் இருபது ரூபாய் கைமாற்று வாங்கினேன். காலையில் அவருக்கு வரவு செலவு பாடம் எடுத்தவள் நான்!

வெட்கம் பொறுக்காமல் மறுநாளே இரண்டு பர்ஸ் வைத்துக்கொண்டேன். ஆபீஸ் கொடுக்கும் பயண முன்பணம் ஒன்றில், என் சொந்தப் பணம் இன்னொன்றில். அதுவரை இரண்டும் ஒரே பையில் கிடந்ததால், ஆபீஸ் பணத்தை என் பணம் என்று நினைத்துச் செலவு செய்துவிட்டு மாதக் கடைசியில் சம்பளத்திலிருந்து ஈடு கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அன்றன்றைய சொந்தச் செலவை எழுதி வந்தேன். ஒரு மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தால், நான் சந்தேகப்பட்ட சேலையும் இல்லை, ஓட்டல் சாப்பாடும் இல்லை. ஆட்டோ! வெளியூரிலிருந்து இருட்டிய பிறகு காந்திபுரத்தில் இறங்கினால் கவுண்டம்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு முப்பத்தைந்து ரூபாய். அது மட்டுமே மாதம் நானூற்றுச் சொச்சம். அடுத்தது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாங்கிய சோடா, முறுக்கு, வாரப் பத்திரிகை.

முறுக்கை நிறுத்த முடிந்தது. இருட்டை நிறுத்த முடியவில்லை. அடித்துப் பிடித்து டவுன் பஸ் ஏறிப் பார்த்தேன், மெயின் ரோட்டிலிருந்து தெருவரைக்கும் நடந்தும் பார்த்தேன். ஒரு வண்டி இருந்தால் எல்லாம் தீரும் என்று தோன்றியது. பத்து மாதம் இழுத்துப் பிடித்ததில் சேர்ந்ததுதான் அம்மாவின் கக்கத்தில் இருந்த தொகை.

பஸ் துடியலூர் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் இராத்திரி ஷிப்ட் முடித்த பெண்கள் நாலைந்து பேர் ஏறி, உட்கார்ந்த உடனேயே தூங்கிப்போனார்கள். இடப்பக்கம் குருடிமலை கூடவே வந்தது. காரமடையில் கோயிலுக்கு வந்தவர்கள் இறங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் பாக்குத் தோப்புகள். ஜன்னல் காற்று சட்டென்று குளிர்ந்தது. நேர் எதிரே நீலகிரி சுவர் போல நின்றது. எதிரில் வந்த லாரிகளில் கேரட்டும் முட்டைக்கோசும் வலையை மீறிப் பிதுங்கிக்கொண்டிருந்தன.

எட்டே முக்காலுக்கு மேட்டுப்பாளையம். பஸ் நிலையத்தில் ஆளுக்கொரு காப்பி, இரண்டரை ரூபாய் வீதம் ஐந்து. ஊட்டி பஸ்ஸுக்கு அடிதடி நடந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைத் தாண்டி மண்டித் தெருவுக்கு நடந்தோம். ஞாயிறு என்பதால் பாதிக் கடைகளில் பூட்டுத் தொங்கியது. ஆனாலும் தெரு முழுக்க உருளைக்கிழங்கின் ஈரமண் வாசனை.

நாச்சிமுத்து என்பவர் அங்கே உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார். தை மாதம் அவருடைய கணக்குப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போனபோதுதான், சாக்குக் குவியலுக்குப் பின்னால் அந்த ஸ்கூட்டரைப் பார்த்தேன். கியர் இல்லாதது, நீல நிறம். அவருடைய மகள் கல்லூரிக்கு ஓட்டியது. மகள் கல்யாணமாகி மைசூர் போய்விட்டாள். போனில் விலை பேசியபோது ஒன்பதாயிரம் என்று சொல்லியிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க. அம்மாளா? வாங்க, உக்காருங்க" என்று வரவேற்றார். மண்டியை ஒட்டியே வீடு. அவருடைய மனைவி சரஸ்வதியம்மா மோர் கொண்டுவந்தார். வண்டி கழுவித் துடைக்கப்பட்டு வாசலில் நின்றது. எனக்கு வாயெல்லாம் பல்.

அப்புறம்தான் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஒண்ணு சொல்லோணுங் அம்மணி. நேத்து பாக்கு யாவாரி ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாருங்க. பத்தரைக்குக் கேக்கறாரு. நீங்க பழகின ஆளு, அதனால உங்களுக்குப் பத்தாயிரம்."

அம்மா கைப்பையை இறுக்கிக்கொண்டு எழுந்தே விட்டாள். "அப்பொ அவருக்கே குடுத்துருங்க. நாம போலாம் வா கண்ணு, பஸ்ஸு இருக்குது."

நான் எழவில்லை. பத்து மாதம் ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் சோடாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் நான். அதோடு ஒரு விஷயத்தில் எனக்குத் தெளிவு இருந்தது. இந்த வண்டியை ஒரு வருடம் வைத்துக்கொள்ள என்ன செலவாகும் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். எழுந்துபோய் வண்டியைச் சுற்றி வந்தேன். உட்கார்ந்து பின் டயரைத் தடவினேன்.

"பின் டயரு வழுக்கிப் போச்சுங்க. அதுக்கு முந்நூத்தம்பது ஆகும். பேட்டரி புதுசு போடோணும், அது ஒரு நானூறு. இன்சூரன்ஸ் கார்த்திகையோட முடிஞ்சிருச்சு. இதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் நான் ஒம்பதுக்கே சரின்னேன். பாக்கு யாவாரி டயரைப் பாத்தாருங்களா?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். உள்ளேயிருந்து சரஸ்வதியம்மாவின் குரல் வந்தது. "அந்தாளு வண்டியப் பாக்கவே இல்லீங்களே. மூட்டை ஏத்தலாமான்னுதான கேட்டுட்டுப் போனாரு. நம்ம புள்ள ஓட்டுன வண்டியில பாக்கு மூட்டைய ஏத்துவாங்களாக்கும்."

"நீ சும்மா இரு" என்றார் அவர். என் பக்கம் திரும்பினார். "சரீங் அம்மணி, ஒம்பதாயிரத்தைந்நூறு. அதுக்குக் கீழ பேசாதீங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுடைய இடுப்புச் சுருக்குப் பையில் பால் விற்ற பணம் கொஞ்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் கை அங்கே போவதும் தெரிந்தது. நான் வேண்டாமென்று தலையசைத்தேன். இந்த வண்டி என் பணத்தில் வர வேண்டும், இல்லையென்றால் வர வேண்டாம்.

"என்கிட்ட இருக்கறதை அப்படியே சொல்லிப்போடறனுங்க" என்றேன். "மொத்தம் ஒம்பதாயிரத்து நானூறு. ஒம்பது உங்களுக்கு. முந்நூறு பேர் மாத்தறதுக்கும் பெட்ரோலுக்கும். மீதி நூறு, எனக்கும் என்ற அம்மாவுக்கும் மத்தியானச் சாப்பாடு, வழிச்செலவு. இதுல எதை வெட்டச் சொல்றீங்க? பெட்ரோலை வெட்டினா தள்ளிட்டுத்தான் போகோணும். சாப்பாட்டை வெட்டினா என்ற அம்மா பட்டினி."

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"சாப்பாடு நம்ம ஊட்டுல. அந்த நூறை இங்க குடுங்க!"

ஆக, ஒன்பதாயிரத்து நூறு ரூபாய்க்கு ஒரு ஸ்கூட்டர், இரண்டு சாப்பாடு. என் வாழ்க்கையில் நான் முடித்த முதல் வியாபாரம் அது. அவர் போனில் சொன்ன விலையிலிருந்து நூறு ஏற்றிவிட்டார். நான் அவர் கேட்டதில் தொள்ளாயிரம் இறக்கிவிட்டேன். இரண்டு பேருக்குமே ஜெயித்த முகம்.

அம்மா பணத்தை இரண்டுமுறை எண்ணிக் கொடுத்தாள். பேர் மாற்றும் பேப்பரில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொள்ளுப் பருப்பும், ரசமும், வாழைக்காய் வறுவலுமாக இலை போட்டார்கள். சரஸ்வதியம்மா அம்மாவுக்கு மூன்றாம் முறை சோறு வைத்தபோது, "இவருகிட்ட நூறு ரூவாயைக் குடுத்துட்டு அரை வயிறோட எந்திரிக்கக் கூடாதுங்" என்றார். அம்மா அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

கிளம்பும்போது மணி இரண்டரை இருக்கும். பங்க்கில் இரண்டு லிட்டர் பெட்ரோல் போட்டோம், முப்பத்தைந்து ரூபாய். ஆபீஸ் தோழியின் வண்டியில் நான் பழகி, லைசென்சும் எடுத்திருந்தேன். ஆனால் அம்மா வண்டியில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"நீ ஓட்டிட்டு வா கண்ணு. நா பஸ்ஸுல வாரேன்."

"ஏனுங்கம்மா, பயமா?"

"பயமெல்லாம் இல்ல. பஸ்ஸே எனக்கு வாகு."

எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. கோவைக்கு ஆறு ரூபாய் டிக்கெட் எடுத்துப் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினேன்.

அந்தப் பத்து கிலோமீட்டரை என்னால் மறக்க முடியாது. பஸ் நிற்கும்போதெல்லாம் நானும் நிற்பேன். அம்மா தலையை வெளியே நீட்டி, நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள். நேரான ரோடு வந்தபோது துணிந்து பஸ்ஸை முந்தினேன். ஜன்னலிலிருந்து, "மொள்ளப் போ! மொள்ளப் போ!" என்று அம்மாவின் சத்தம் தோப்புக்கே கேட்டிருக்கும். அடுத்த நிறுத்தத்தில் பஸ் என்னைத் தாண்டியபோது கவனித்தேன், பின்சீட்டு முழுக்க ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தது. அம்மா அவர்களிடம் ஏதோ கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரமடையில் பஸ் நின்றது. படியில் இறங்குகிறவர்களுக்கு நடுவில் அம்மாவும் இறங்கினாள். கண்டக்டர் கையில் டிக்கெட் கட்டுடன் பின்னாலேயே எட்டிப் பார்த்தார். "ஏனுங்கம்மா, கோயமுத்தூருக்குல்ல டிக்கெட் வாங்குனீங்க? காரமடையில எறங்கறீங்க?"

"என்ற புள்ள வண்டி வெச்சிருக்குதுங்க" என்றாள் அம்மா. "மீதி டிக்கெட்டு போனாப் போகுது."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை என் தோளில், ஒரு கை சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியில். பெரியநாயக்கன்பாளையம் வரை மூச்சு விட்டாளா என்றே தெரியவில்லை. துடியலூர் வருவதற்குள் தோளில் இருந்த பிடி தளர்ந்தது. "அந்த லாரியெத் தாண்டு, பொகையா உடறான்" என்று உத்தரவு வர ஆரம்பித்தது.

"பஸ்ஸுல என்னம்மா சொல்லிட்டிருந்தீங்க எல்லார்கிட்டயும்?"

"என்னத்தெச் சொன்னேன்? கேட்டாங்க, சொன்னேன். ரூவா சேத்தி அதுவே வாங்கிக்கிச்சு, அஞ்சு பைசா நாங்க குடுக்கலைன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "ஒரு அம்மா அவங்க புள்ளைக்குச் சொல்லோணும்னு, எப்படிச் சேத்துச்சுன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. பொறவு அந்த ரெண்டு பர்ஸு விசயத்தெ எனக்கும் சொல்லு" என்றாள்.

போகும்போது பார்த்த அதே ரோடுதான். ஆனால் பஸ்ஸில் போகும்போது ஊர்கள் நிறுத்தங்களாக மட்டும் தெரியும். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், இன்னும் எத்தனை பாக்கி என்றே மனசு ஓடும். வாரம் நான்கு நாள் சுற்றியும், கொங்கு நாட்டை நான் அப்படித்தான் பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு நிற்கத் தோன்றிய இடத்தில் நின்றேன். ஒரு வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பேரும் மலையைத் திரும்பிப் பார்த்தோம். எந்தக் கண்டக்டரும் விசில் அடிக்கவில்லை. போதும் என்று தோன்றியபோது கிளம்பினோம்.

நான்கரை மணிக்குக் கவுண்டம்பாளையம். எங்கள் தெரு திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். தோளை அம்மா தட்டினாள்.

"திரும்பாத. நேரா போ."

"எங்கிங்கம்மா?"

"சாயிபாபா காலனிக்கு. உங்க பெரியம்மா ஊட்டுக்கு."

பெரியம்மா அம்மாவின் அக்கா. வீட்டில் கார் உண்டு. அந்தக் கார் எங்களை ஒருநாளும் ஏற்றிக்கொண்டதில்லை.

"என்ன விசயமுங்கம்மா அங்க?"

"விசயம் என்ன? ஒண்ணுமில்ல. உள்ளெல்லாம் போக வேண்டாம்." அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது கண்ணாடியில் தெரிந்தது. "வாசல்ல நின்னு ஒரு ஆரன் அடி. அது போதும்."

போனோம். அடித்தேன். ஒன்று போதாது என்று இன்னொன்றும் அடித்தேன்.