சிவப்பு டேப் சுற்றிய குழாய்

நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. இது எனக்கே நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

என்னைவிட இரண்டு வயது மூத்த டிராக்டர் ஒன்றை வாங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. "காயலான் கடைக்குப் போக வேண்டியதை வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துட்டீங்க" என்று மனைவி கேலி செய்துகொண்டே இருந்தாள். கூடவே, பெட்டியைத் தூக்கிக் கொட்டும் டிரெய்லரும் வந்திருந்தது. அதன் எண்ணெய்க் குழாய்கள் இரண்டையும் டிராக்டரின் பின்னால் மாட்ட வேண்டும். ஒன்று தூக்க, ஒன்று இறக்க. மாற்றி மாட்டினால், தூக்கும்போது இறங்கிவிடும். அதனால் தூக்கும் குழாய்க்கும் அது போகும் வாய்க்கும் சிவப்பு டேப் சுற்றினேன்.

மணி 2.10. குழாய் உள்ளே போகாமல் அடம்பிடித்தது. பழைய வண்டியில் இது வழக்கம்தான். இன்ஜினை அணைத்தாலும் உள்ளே அழுத்தம் நிற்கும். மேலே ஏறி லீவரை முன்னும் பின்னும் ஆட்டினால்தான் இறங்கும். எனக்கு எழுந்திருக்கச் சோம்பல்.

அப்போது மேலே... டக். டக்.

லீவர் ஆடியது. குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"மகராசி, நல்லா இரு!" என்றேன். மனைவிதான் மேலே ஏறி ஆட்டினாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை. மனைவி முப்பது அடி தள்ளி, கொட்டகை வாசலில் நின்றாள்.

"லீவரைத் தொட்டியா?"

"நான் எதுக்குத் தொடறேன்?"

சிவப்புக்குச் சிவப்பு சரியா என்று மூன்று முறை பார்த்தேன். இன்ஜினைப் போட்டேன். பெட்டி ஒழுங்காக மேலே போனது. அடியில் கசிவு பார்க்கும் முன் முட்டுக் கொடுக்க வேண்டும். கட்டையை எடுத்துவர மனைவி கொட்டகைக்குள் போனாள்.

2.31. நான் சீட்டில் இருந்தேன். பின்னால் காலடிச் சத்தம்.

"ஏங்க..."

பெட்டிக்கு அடியிலிருந்து. என் மனைவியின் குரல்.

"கட்டை போகல. இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

லீவரைத் தூக்கும் பக்கம் இழுத்தேன்.

பெட்டி இறங்கியது.

தடால்!

குதித்தேன். விழுந்தேன். கொன்றுவிட்டேன்... என் கையாலேயே கொன்றுவிட்டேன்...

"என்னங்க சத்தம்?"

கொட்டகை வாசலில் அவள். கையில் கட்டை.

குழாய்களைப் பார்த்தேன். மாறியிருந்தன. பெட்டி தூக்கி நிற்கும்போது, அந்த அழுத்தத்தில், அவற்றைக் கழற்றி மாட்ட எந்த மனிதக் கையாலும் முடியாது.

இறங்கிக் கிடந்த பெட்டிக்கு அடியில்... மெல்ல...

"ஏங்க..."

மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

மாலை 6.05. டிராக்டரை விற்றவருக்குப் போன் செய்தேன். "உங்ககிட்ட டிராக்டர் வாங்கினேனே..." அவ்வளவுதான் சொன்னேன்.

"வீட்டம்மா... உயிரோட இருக்காங்களா?"

"இருக்கா."

அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி செத்தது அந்தப் பெட்டிக்கு அடியில்தான். லீவரில் இருந்தது அவர். குழாயைச் சரியாகத்தான் மாட்டினேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. "தெரிஞ்சும் ஏன் எனக்கு வித்தீங்க?"

"எனக்கு வித்தவர்கிட்ட நானும் இதையேதாங்க கேட்டேன். அவர் பொண்டாட்டியும் அப்படித்தான் போனாங்களாம்."