அண்ணன் மெதுவாகத்தான் சொன்னான்

அம்மாவுக்கென்று அண்ணன் என் போனுக்கு அனுப்பிய குரல் பதிவு அவ்வளவு மெலிசு. ஓசூரில் ஏதோ ஒரு மாடிப்படியில் நின்று, யாரும் கேட்டுவிடக் கூடாதென்று பேசியிருப்பான் போல. "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. மனசுல வெச்சுக்காதம்மா." அவ்வளவுதான். மீதியெல்லாம் மூச்சு.

அன்றைக்கு என்றால், அவன் கல்யாணத்துக்கு முந்தின வாரம். நாங்கள் மாதா கோயில். பெண் வேறு சபை. அந்தக் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அம்மா சொல்ல, கரையான்சாவடித் தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்திவிட்டுப் போனான். பிறகு வரவேயில்லை. அம்மாவின் காதும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டது. அவள் முழுசாகக் கேட்ட அவனுடைய கடைசிக் குரல் அந்தக் கத்தல்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேனாம்பேட்டில் என் ஃபிளாட்டில், பூசைக்குக் கிளம்புகிற அவசரத்தில் மடிக்கணினியைத் திறந்தேன். என் கவிதைகளைப் பேசிப் பதிவதற்கென்று வைத்திருந்த மென்பொருள். அண்ணனின் குரல் திரையில் எறும்பு வரிசையாக நடுக்கோட்டை ஒட்டி ஊர்ந்தது. வால்யூமை ஏற்றினேன். அம்மாவுக்குப் போதாது. இன்னும் ஏற்றினேன். எறும்பு குன்றானது, குன்று கூரையில் முட்டியது, ஓரத்தில் சிவப்பு எரிந்தது. அந்தக் கூரைக்கு மேல் குரலுக்கு இடமில்லை. முட்டுகிற உச்சியெல்லாம் மழுங்க வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட இடம் கரகரக்கும். எனக்குத் தெரியாததில்லை. காது மந்தமானவளுக்குக் கரகரப்பு எங்கே கேட்கப்போகிறது, சத்தம்தானே முக்கியம் என்று சேமித்துவிட்டேன்.

பூசை முடிந்து கரையான்சாவடி வீட்டுக்குப் போனபோது அம்மா வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அண்ணன் பேசுறான்" என்று போனை அவள் காதில் வைத்தேன். முகம் பூத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூடிக்கொண்டது.

"இன்னாடா, இன்னமும் கத்திகினுதான் கீறான்?"

"கத்தலம்மா. மன்னிப்புக் கேக்குறான்."

"மன்னிப்பு கேக்குறவன் தொண்ட கிழியவா கேப்பான்? நீ அவனுக்கு வக்காலத்து வாங்காத."

அசல் பதிவு போனிலேயே இருந்தது. போட்டுக் காட்டினேன், அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான். குரலை அதன் போக்கில் விட்டுவிட்டு, ஸ்பீக்கரில் ஏற்றியிருக்கலாம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்: "வாங்கிக் கட்டினது போதும் நைனா. எட்த்துனு போ."

ஆனாலும் நான் கிளம்பும்போது, செருப்பு மாட்டுகிற நேரத்தில், "சாப்ட்டானான்னு கேளு" என்றாள்.

"நீயே கேளும்மா" என்று பதிவை ஓடவிட்டுப் போனை நீட்டினேன்.

உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். தன் குரல் தனக்கே கேட்காதவள், பூந்தமல்லி வரை எட்டட்டும் என்பதுபோல் பேசினாள்: "டேய், சாப்ட்டியா? அவ நல்லா கீறாளா?"

அவ. அந்தப் பெண்ணைப் பற்றி அம்மா கேட்டது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் கேட்டுப் பார்த்தேன். பதியும்போதே உடைந்திருந்தது. வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் வால்யூமை இறக்கினேன், இன்னும் இறக்கினேன். உயரம் குறைந்தது, வெட்டுப்பட்டது திரும்பவில்லை. பெரிய கரகரப்பு சின்னக் கரகரப்பானது, அவ்வளவே. போன் செய்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்து இன்னொரு தரம் சொல்லும்மா என்று கெஞ்சினேன். நான் சொன்னது எவ்வளவு கேட்டதோ. "சொன்னதையே சொல்ல நான் இன்னா டேப்பா?" என்று வைத்துவிட்டாள்.

இருந்ததை அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'அம்மா கத்தலடா. போனை ரொம்பக் கிட்ட வெச்சுட்டாங்க.'

அம்மாவிடமும் நான் இதையேதான் சொன்னேன். கத்தலம்மா என்று.

இரண்டு டிக்கும் நீலமானது. அவன் பெயருக்குக் கீழே, குரல் பதிவு செய்கிறான் என்று காட்டியது. கொஞ்ச நேரம் காட்டியது. பிறகு நின்றுவிட்டது.