நுரை அடங்கிய நாள்

என் அண்ணிக்குப் பிழைப்பே நுரைதான். செம்புத் தாதுவை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, துளி மருந்து விட்டு, தொட்டியின் அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். செம்புத்தூள் குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வரும். கல்தூள் அடியில் தங்கிவிடும். மிதக்கும் நுரையை வழித்து உலைக்கு அனுப்ப வேண்டும். "எங்க அண்ணி சோப்பு நுரையில விளையாடிச் சம்பளம் வாங்குறாங்க" என்று கேலி செய்வேன். "நீ அடியில தங்குற கல்லு, உனக்கெங்கே தெரியும்!" என்பார். வாயில் அவரை ஜெயிக்க ஆளில்லை.

அந்த வாரம் ஷிப்ட் பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நுரை ஒழுங்காக எழுந்தால் பதவி நிலைக்கும். இல்லையென்றால் வேறொருவருக்குப் போய்விடும். அண்ணி ஏங்கிக் காத்திருந்த பதவி.

முதல் நாளே, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், எல்லாத் தொட்டியிலும் நுரை அடங்கிப்போனது. மாதிரி எடுப்பது என் வேலை. கரண்டியை விட்டால் வெறும் சேற்றுத்தண்ணீர்! அண்ணி அதை விரலிடையில் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது.

"கிரீஸ் கலந்திருக்கு, அதான் நுரை செத்துப்போச்சு. மில்லை நிறுத்துங்க."

தாது அரைக்கும் மில்லுக்குக் கிரீஸ் போடுபவன் என் அண்ணன், சாட்சாத் அவர் புருஷன். பெண்டாட்டியின் முதல் நாளில் மில் முனகக்கூடாது என்று வாரி வாரி அப்பியிருக்கிறான். மிஞ்சியதெல்லாம் வழிந்து தாதுக் குழம்போடு போய்விட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று இந்த மடையனுக்கு யார் சொல்வது?

மேலாளர் வந்துகொண்டிருந்தார். "மில்லோட சீல் வளையம் தேஞ்சு கிரீஸ் கசிஞ்சிருச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி, ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்" என்று கிசுகிசுத்தேன். அண்ணி என்னை முறைத்தார்.

"சீல் நல்லாத்தான் இருக்கு சார். கிரீஸ் அதிகம். போட்டது என் வீட்டுக்காரர், கவனிக்காம விட்டது நான். தொட்டிகளை வடிச்சுக் கழுவி, சாயங்காலத்துக்குள்ள நுரை எழுப்பிடுவேன்."

அண்ணன் கிரீஸ் அப்பிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். எனக்கு அண்ணிமேல் கோபம் கோபமாக வந்தது.

சொன்னபடியே சாயங்காலம் நுரை பொங்கியது. மேலாளர் தொட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணனைக் காட்டினார்.

"இவரை என்ன செய்யலாம்? உங்க ஆளு, இனிமே நீங்கதான் சொல்லணும்."

அண்ணி யோசிக்கவே இல்லை. "இந்த மாசம் பூரா நீங்க கிரீஸ் பக்கமே போகக்கூடாது. தொட்டி கழுவுங்க" என்றார் அண்ணனிடம்.

தண்டனை வாங்கியவன் காதுவரை சிரித்தான். பதவி நிலைத்துவிட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவனுக்குத்தான் புரிந்திருந்தது.