தீராத பேட்டரி

பத்தாவதோடு நிறுத்தியவன் நான். எழுத உட்காருவதே அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

கட்கியில் வீடு. ரஞ்சன்காவ் தொழிற்சாலை ஒன்றின் மேலதிகாரிக்கு டிரைவர். தினமும் விமான் நகரில் சாரை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவேன். போன வருடம் புதுக் கார் வந்தது. மின்சாரத்திலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். ஒரு சார்ஜுக்கு ஐம்பது கிலோமீட்டர் என்றார்கள். முதல் நாள் ஏசி போட்டு நெரிசலில் ஊர்ந்தபோது, பாதி வழிக்கு முன்பே பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பொத்தான்களில் தேடினேன். ‘சேவ்’, அதாவது சேமி, என்று ஒன்று இருந்தது. அமுக்கினேன். பேட்டரி அளவு இறங்காமல் அப்படியே நின்றது. அன்றிலிருந்து கிளம்பும்போதே அமுக்கிவிடுவேன். சாயங்காலம் சாரின் குடியிருப்பில் மறக்காமல் சார்ஜும் போடுவேன்.

பெட்ரோல் மட்டும் பழைய காரைவிட அதிகம் குடித்தது. பில் கொடுக்கப் போனால் ஆபீஸ்காரர் மராத்தி கலந்து, “காய் அண்ணா, என்ன விஷயம், பெட்ரோல் டாங்கியில ஓட்டையா, இல்ல வீட்டுல ஜெனரேட்டரா?” என்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

ஒருநாள் போகும் வழியில், வாகோலியில் வண்டிகள் அசையவில்லை. முன்னால் லாரி, பக்கத்தில் பஸ். கண்ணாடியில் சாரின் கண்கள் என்மேலேயே இருந்தன.

“ஆபீஸ்ல வேற டிரைவர் போடச் சொல்றாங்க. உண்மையைச் சொல்லுங்க, பெட்ரோல் எங்க போகுது?”

“கார்லதான் சார்.”

“தினம் சார்ஜ் போடுறீங்களே?”

“போடுறேன் சார். ஆனா செலவு பண்றதில்ல.”

“என்னது?”

கதவைத் திறந்து இறங்கி ஓடக்கூட இடமில்லை. திருடன் என்று பேர் வாங்குவதா, ஒன்றும் தெரியாதவன் என்று வாங்குவதா? பொத்தானைக் காட்டினேன். “நடுவழியில தீந்துட்டா வண்டி நின்னுடுமேன்னு...”

“தீந்தா தானா பெட்ரோலுக்கு மாறும்யா! அதுக்குத்தானே ரெண்டையும் வச்சிருக்கான்! கார் வந்தன்னிக்கே சொல்லிக்குடுத்தாங்களே?”

“இங்கிலீஷ்ல சொன்னாங்க சார். எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டிட்டேன்.”

வேறு டிரைவரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. லாரி நகர அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கண்ணாடியைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

மறுநாளும் நான்தான் ஓட்டினேன். பொத்தானைத் தொடவில்லை. வழியில் ஷிக்ராபூர் வந்ததும் பேட்டரி தீர்ந்தது. வண்டி நிற்கவில்லை, பெட்ரோலில் ரஞ்சன்காவ் போய்ச் சேர்ந்தோம்.