பீரங்கிக் குழாயில் காய்ந்த போர்வை

கழுகுமூக்கு முகட்டில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று வருவதில்லை. விடியலில் குளிர்காலம், பத்து மணிக்கு இளவேனில், உச்சியில் ஒரு கை வெயில், சாயங்காலம் மறுபடி பஞ்சுச் சட்டை. இத்தனையும் ஒரே நாளில் நடக்கும். இதற்கிடையில் மேகம் நாலு தடவை குடிசைக்குள் வந்து போகும். சன்னல் வழியாக நுழைந்து, அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, கதவு வழியாக வெளியேறும். யாரும் அதை விரட்டுவதும் இல்லை, உட்காரச் சொல்வதும் இல்லை.

அந்தக் குடிசையில் பதினான்கு கோடைகளைக் கழித்தவள் அன் யூலான். மேகத்தைப் பார்ப்பதுதான் அவள் வேலை. பார்த்து, தேவைப்பட்டால் சுடுவது. குடிசைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய பழைய பீரங்கி ஒன்று நிற்கிறது. கல்மழை சுமந்துவரும் மேகத்துக்குள் மருந்துக் குண்டு போட்டால், கட்டியாக விழ வேண்டியது பொடியாகவோ தண்ணீராகவோ விழும் என்பது ஏற்பாடு. தெற்குச் சரிவு முழுக்கப் புகையிலை. முறம் போல விரிந்த இலையில் பாக்களவு கல் நாலு விழுந்தால் போதும், அந்த இலையைக் கொள்முதல்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். ஊர் ஆண்கள் கடற்கரை நகரங்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் பீரங்கி பெண்கள் கைக்கு வந்தது.

முதல் வருஷம் ஊரே சிரித்தது. "மேகம் பீரங்கிக்குப் பயப்படுதா, இல்ல யூலான் வாய்க்குப் பயப்படுதான்னு தெரியலையே" என்றார் லுவோ பெரியப்பா. அவர் வயல் அவள் வயலுக்கு அடுத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த ஆவணியில் அக்கம்பக்கத்து ஊர்களில் இலையெல்லாம் கந்தலானது. அவள் ஊரில் முழுசாக நின்றது. அப்புறம் சிரிப்பு தானாக நின்றது.

மேகம் பார்ப்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாவட்ட வானிலை அறையில் மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள். அதில் பாதி நேரம் தூங்கினாள். மீதியை மல்லாந்து படுத்துத்தான் கற்றுக்கொண்டாள். மதியம் புல்லில் படுத்தால் முதுகுக்குக் கீழே பூமி மெல்ல மிதக்கும். கீழிருந்து யாரோ பன்றியைக் கூப்பிடும் குரல் வரும், அதற்குள் மேகம் வந்து குரலை மூடிவிடும். கண்ணை மூடினாளா திறந்தாளா என்று அவளுக்கே தெரியாது, இரண்டிலும் வெள்ளைதான். கறுத்த மேகத்துக்குப் பயமில்லை. கறுப்புக்குள் மஞ்சளும் சிவப்பும் புரண்டால்தான் பயம். இடி துண்டு துண்டாக உடைந்தால் மழை. இடைவெளியே இல்லாமல் திரிகை அரைப்பது போல அரைத்தால் கல். இதெல்லாம் அவளுக்குள் எப்போது வந்து சேர்ந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதினான்கு கோடைகளில் அவள் கண் ஒரே ஒரு தடவைதான் தவறியது. அதுவும் கல் வருமென்று சுட்டு, தூறல் வந்த கதை.

ஆனால் அவளைத் தூங்கவிடாத விஷயம் முகட்டின் மறுபக்கம் இருந்தது.

வடக்குச் சரிவில் இருக்கும் கரிமண் ஊர் அவள் பிறந்த ஊர். அக்கா யூச்சின் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். புகையிலை கிடையாது. மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும்தான், இரண்டும் வானம் பார்த்தவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வறண்ட கோடையில், தெற்கிலிருந்து ஏறிவந்த பெரிய மேகத்தை யூலான் நாற்பது குண்டு போட்டு உடைத்தாள். தெற்கே நல்ல மழை. வடக்கே ஒரு சொட்டு இல்லை. அக்காவின் சோளம் நின்றபடியே காய்ந்தது. மறுநாள் அக்கா முகட்டுக்கு ஏறி வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் யூலானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் அழுது, அன்றைக்கே முடிந்திருக்கும்.

"ஆறு வயசு வரைக்கும் உன்னை முதுகுல கட்டிக்கிட்டுத்தான்டி களை எடுத்தேன்" என்றாள் அக்கா. "நீ என் மழையவே சுட்டுட்ட."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு சந்தைக்குக்கூட முகட்டுப் பாதையில் வருவதில்லை. ஆற்றோரமாக இரண்டு மணி நேரம் சுற்றிப் போனாள்.

குண்டுக்கும் மழை வராததற்கும் சம்பந்தமில்லை என்று வானிலை அறைக்காரர்கள் சொன்னார்கள். யூலானும் தலையாட்டினாள். ஆனால் தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். ஒவ்வொரு தடவை சுடும்போதும், 'இது அக்காவுக்குப் போக வேண்டியதோ' என்று நெஞ்சுக்குள் ஒன்று கேட்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. பீரங்கிக்காரி இப்படிச் சந்தேகப்படுவதாகத் தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்?

இந்த வருஷம் நாற்பத்தோரு நாள் மழை இல்லை. காலைப்பனி மட்டும் வந்து நாக்கை நனைத்துவிட்டுப் போனது. புகையிலை எப்படியோ தாக்குப்பிடித்தது. வடக்கே சோளம் இலை சுருட்டிக்கொண்டிருந்தது. முகட்டில் நின்றால் அக்காவின் வயல் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். அந்த உள்ளங்கை நாளுக்கு நாள் வெளுத்தது. யூலான் காலையில் பல் தேய்க்கும்போது அதைப் பார்ப்பாள், அப்புறம் பார்க்காத மாதிரி கொப்பளித்துத் துப்புவாள்.

சந்திர நாட்காட்டியின் ஆறாம் மாதம் ஆறாம் நாள் வந்தது. அன்றைக்கு வீட்டிலிருக்கும் துணியெல்லாம் வெயிலுக்கு வரவேண்டும். அன்று காய்ந்த துணியில் வருஷம் முழுக்கப் பூச்சி அண்டாது. கீழே ஊர் முழுக்கக் கொடிகளில் சிவப்பும் நீலமும் தொங்கின. பாதிப்பேர் பூச்சிக்காகக் காயப்போட்டார்கள், மீதிப்பேர் வானத்துக்கு ஆசை காட்டக் காயப்போட்டார்கள். துணி காய்ந்தால்தானே மழைக்கு மூக்கு வேர்க்கும்.

முகட்டில் கொடி கட்ட மரம் இல்லை. யூலான் தார்ப்பாயை விலக்கி, பீரங்கிக் குழாயைத் துடைத்து, அதன்மேல் தன் பஞ்சுப் போர்வையை விரித்தாள். சிவப்பில் பெரிய பெரிய வெள்ளைப் பூ. அவள் கல்யாணத்துக்கு அக்கா தைத்துக் கொடுத்தது.

"படம் எடுத்து மாவட்டத்துக்கு அனுப்பட்டுமா?" என்றாள் தியெமெய். குண்டு ஏற்றுவது அவள் வேலை. நாற்பது வயதிலும் வாய் ஓயாது. "பீரங்கிக்குக் குளிருதுன்னு எழுதிடறேன்."

"அனுப்பு. அப்படியே உனக்குக் கொழுப்புன்னும் சேர்த்து எழுது."

இருவரும் சாம்பலில் சுட்ட கிழங்கைத் தோலுரித்து, மிளகாய்ப்பொடியில் ஒற்றித் தின்றார்கள். வெயில் மயக்கியது. போர்வையிலிருந்து பழைய பஞ்சின் வாசனை எழுந்தது. யூலான் அதன் நிழலில் படுத்து, யாரோ முதுகில் சுமந்து போவது போன்ற அரைத்தூக்கத்தில் கிடந்தாள். முதல் இடி அந்தத் தூக்கத்துக்குள்தான் கேட்டது.

எழுந்து பார்த்தபோது தெற்கே மேகம் பாதி வானம் ஏறியிருந்தது. அடிவயிறு கறுப்பு. ஓரத்தில் லேசாக ஒரு மஞ்சள். கீழே பெண்கள் கொடிகளை நோக்கி ஓடுவது எறும்பளவில் தெரிந்தது. தொலைபேசி அடித்தது.

"முகடு, வானிலை அறை பேசுறோம். ராடார்ல பலமா காட்டுது. உங்க கண்ணுக்கு எப்படி? சுடணும்னா இப்பவே சொல்லுங்க. விமானம் ஒண்ணு கடக்கணும், அதுக்கு முன்னால ரெண்டு நிமிஷம்தான் தரமுடியும்."

இந்த இரண்டு நிமிஷம்தான் முகட்டின் சட்டம். வானத்தைக் கேட்டுத்தான் சுடவேண்டும். கொடுத்த நேரம் போனால் போனதுதான்.

யூலான் காதைக் கொடுத்தாள். இடி உடைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி உடைந்தது. அரைக்கிறதா? இல்லை, உடைகிறது. உடைகிறது என்றுதான் நினைத்தாள். மேகம் நேராக வடக்கைப் பார்த்து நகர்ந்தது. நாற்பத்தோரு நாளைக்குப் பிறகு வருகிற மேகம்.

தியெமெய் போர்வையை உருவக் கை வைத்திருந்தாள். "யூலான் அக்கா, எடுக்கட்டா?"

"இரு."

"மஞ்சள் தெரியுது, அக்கா."

"தெரியுது. இடிய கேளு. மழை இடி."

"ரெண்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க."

"மழைதான்னு சொல்றேன்ல" என்றாள் யூலான். தொலைபேசியிலும் அதையே சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. மேகத்தைப் பார்த்துச் சொன்னாயா, அக்காவின் வயலைப் பார்த்துச் சொன்னாயா? நிமிஷம் இரண்டும் தீர்ந்தது. தலைக்கு மேலே எங்கோ விமானம் இரைந்து போனது.

கல் விழுந்தது. நாலே நிமிஷம், கொண்டைக்கடலை அளவு. கல்மழை கோடு போட்டு அடிக்கும் என்பார்கள். அப்படியே ஒரு கோடு. அந்தக் கோட்டில் யூலானின் மூன்று பாத்தியும் லுவோ பெரியப்பாவின் இரண்டு பாத்தியும் இருந்தன. பிறகு தெற்குச் சரிவு முழுக்க மழை கொட்டியது. அவள் முகட்டிலேயே நனைந்துகொண்டு வடக்கைப் பார்த்து நின்றாள். இப்போது போகும், இதோ தாண்டும் என்று பார்த்தாள். முகட்டுக்கு வந்த மேகம் அங்கேயே தன்னைக் கொட்டித் தீர்த்து, கந்தலாகி, வெளுத்து, இல்லாமல் போனது. வடக்குச் சரிவில் வெயில் அடித்தது. அக்காவின் உள்ளங்கை வயல் காய்ந்தபடியே கிடந்தது.

அவள் ஈர மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு நாற்பது குண்டு, இன்றைக்கு ஒன்றுமில்லை. இரண்டுக்கும் ஒரே முடிவு. இத்தனை வருஷமும் மழையைத் தின்றது அவள் பீரங்கி இல்லை, இந்த முகடு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தன் மேல் பாவம் இல்லை என்று தெரிந்ததில் நிம்மதி வரவேண்டும். வந்ததோ கிழிந்த இலைகளின் ஞாபகம்.

லுவோ பெரியப்பா மறுநாள் காலையிலேயே ஏறி வந்தார். ஓட்டை விழுந்த இலை ஒன்றைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"ஏம்மா, பீரங்கிக்குப் போர்வை போர்த்தித் தூங்கவச்சிட்டியாமே?"

"என் கண்ணு தப்பிருச்சு, பெரியப்பா."

"பதினாலு வருஷத்துல இது ரெண்டாவது. என் கண்ணு தப்புறது இந்த வாரமே ரெண்டாவது" என்றார் அவர். திட்ட இன்னும் நிறைய வைத்திருந்தார், பாதையில் யாரோ வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வடக்குப் பாதை. மூன்று வருஷமாக அந்தப் பக்கம் யாரும் நடக்காததால் புல் முழங்கால் வரை நின்றது. அக்கா அதை விலக்கிக்கொண்டு வந்தாள். முதுகில் காலிக் கூடை. இடுப்பில் அரிவாள். நரை கூடியிருந்தது. நேராகப் பீரங்கியிடம் போனாள். குழாயில் ஈரப்போர்வை இன்னும் தொங்கியது. அதை இரண்டு கையாலும் பிழிந்தாள்.

"நேத்து முழுக்க காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள், போர்வையிடம் பேசுவது போல. "ஒரு சத்தம் கூட கேக்கல."

"சுடல, அக்கா."

"மேகம் ஏறி வந்தத பார்த்தேன். நம்ம யூலான் இன்னிக்கு விட்டுட்டா, வந்துரும்னு வாளியெல்லாம் வெளிய எடுத்து வச்சேன். அண்டா, குண்டான், உங்க மாமா கால் கழுவுற சட்டி வரைக்கும்." போர்வையை மறுபடி பிழிந்தாள். "ஒரு சொட்டு விழல."

யூலான் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா போர்வையை உதறி மறுபடி குழாயில் விரித்து, ஓரத்தை இழுத்து நேராக்கினாள். பூ மேலே வரும்படி. "எத்தன பாத்தி போச்சு?"

"என்னோடது மூணு. பெரியப்பாவோடது ரெண்டு."

"அப்ப கெளம்பு. கிழிஞ்ச இலைய இன்னிக்கே ஒடிச்சாத்தான் அடி இலையாவது தேறும். பெரியப்பா, நீங்க உக்காந்து திட்டுங்க, நாங்க ரெண்டு பேரும் ஒடிக்கிறோம்."

பெரியப்பா திட்டவில்லை. கையிலிருந்த ஓட்டை இலையைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சரிவில் இறங்கும்போது மேகம் வந்து பாதையை மூடியது. முன்னால் போகும் அக்காவின் கூடை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் மறைந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"மூணு வருஷமா உன்னைத் திட்டித் திட்டித்தான்டி பொழுது போச்சு. இனிமே நான் யாரைத் திட்டுவேன்?"

"என்னையே திட்டு, அக்கா" என்றாள் யூலான். "பழகிப்போச்சு."