கை காட்டினேன்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஓட்டுகிறார். எங்கள் வீடு நூம்பலில். காலையில் கம்பெனி வேனுக்காக நான் வேலப்பன்சாவடி ஸ்டாப்பில் நிற்கும்போது அவர் வண்டி கடந்தால், கை காட்டுவேன். அவர் இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போவார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இதென்ன கூத்து என்று கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.

அன்று, பல மாதமாகப் படுக்கையில் இருந்த மாமனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மகனை உடனே வரச்சொல்லுங்கள் என்றார். மாமனாரும் மகன் வந்துவிட்டானா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். மகனோ செல்லை அணைத்துப் பையில் போட்டுவிட்டு ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் தினம் ஒருவர். யாருடைய நம்பரை என்று தேடுவது?

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பருக்குப் போன் போட்டேன். வண்டி உள்ளே வந்ததும் இறக்கி அனுப்புவதாகச் சொன்னார், நல்ல மனுஷன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து மறுபடி கூப்பிட்டேன்.

"அந்த வண்டி இங்க வரலம்மா. டிராபிக்ல லேட்டாயிச்சுன்னு குமணன்சாவடியிலயே கட் பண்ட்டாங்க. ரிட்டன் வந்துகினு கீது."

பாதி வழியில் திரும்பிவிடும் கட் சர்வீஸை எத்தனையோ நாள் சும்மா திட்டியிருக்கிறேன். அன்றுதான் மனசாரத் திட்டினேன்.

நாத்தனாரை மாமனார் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஸ்டாப்புக்கு ஓடினேன். வண்டி வந்தது. படிக்கட்டில் ஆட்கள் தொங்கினார்கள். இறங்க யாரும் இல்லை போலிருக்கிறது, கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். நிற்காமல் போ என்று அர்த்தம். நான் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். சிரித்தார். இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸோடு ஓடி யார் ஜெயிக்க முடியும்? ரோட்டோரம் நின்று அழுதேன்.

அவருக்குச் சேதி எட்டி வீடு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர், என்னிடம் சொன்னார்.

"ரெண்டு கையயும் ஆட்டுன. இன்னா இவ இன்னிக்கு இவ்ளோ குஷியா கீறாளேன்னு நெனச்சிகினேன்."

பஸ்ஸை நிறுத்தவும் கை காட்டுகிறோம், வழியனுப்பவும் கை காட்டுகிறோம்.

இப்போது அந்த ஸ்டாப்பில் அவர் ஹாரன் அடிப்பதில்லை. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் வண்டியை நிறுத்துகிறார். ஒன்றுமில்லை என்று நான் தலையாட்டிய பிறகுதான் எடுக்கிறார்.